ரெண்டு ஜெராக்ஸ்

ஹெல்மெட் வைத்திருப்பவன் எதற்காக பஸ்ஸில் வருகிறான் என்பதுதான் பூங்காவனத்துக்குப் பிடிபடவில்லை. கறுப்பு ஹெல்மெட், கண்ணாடியில் கீறல் விழுந்தது, அதை இடது முழங்கையில் கூடை மாதிரி மாட்டிக்கொண்டு முன்வாசல் கம்பியில் சாய்ந்து நின்றான். பைக் இருப்பவன் பைக்கில் போவான், இல்லாதவனுக்கு ஹெல்மெட் எதற்கு. பைக் ரிப்பேராகி எங்காவது விட்டுவிட்டு வருகிறவனாக இருக்கும், இருக்கட்டும், அப்படியே இருக்கட்டும். இல்லையென்றால் முன்னால் ஏதோ ஒரு ஸ்டாப்பில் இன்னொருத்தன் பைக்கோடு நிற்பான், இவன் பஸ்ஸுக்குள் ஆளைப் பார்த்து வைத்துக்கொண்டு இறங்கி அவன் பின்னால் ஏறி உட்காருவான், அப்புறம் இரண்டு பேருமாக பஸ்ஸைத் தொடர்ந்து வருவார்கள். பத்தொன்பது வருஷ சர்வீஸில் எத்தனை கேஸ் கட்டில் இப்படி எழுதியதைப் பார்த்திருக்கிறாள். முதல்நிலைக் காவலர் பூங்காவனம் இன்று காக்கி போடவில்லை. மஞ்சள் பூப்போட்ட சேலை, தோளில் ஒரு ரெக்சின் பை, பைக்குள் சம்மன், தண்ணீர் பாட்டில், செல். கையில் ஒரு குச்சிகூடக் கிடையாது. ஜன்னலோரமாக நூர்ஜகான் உட்கார்ந்திருந்தாள். அற்புதராஜ் கொலை வழக்கில் கண்ணால் பார்த்த ஒரே சாட்சி. இவளைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டுபோய் பதினோரு மணிக்குள் செஷன்ஸ் கோர்ட்டில் நிறுத்த வேண்டும், சாட்சி முடிந்ததும் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். அதற்கு ஒரு ஜீப்பும் இரண்டு ஆண் போலீஸும் தருவதாகப் பேச்சு. காலையில் ஸ்டேஷனுக்குப் போனால் ஜீப்பும் இல்லை, ஆளும் இல்லை. யாரோ பெரிய மனிதர் ஒரு பாலத்தைத் திறந்துவைக்க வருகிறாராம், எல்லோரையும் பந்தோபஸ்துக்கு ஏற்றிப் போய்விட்டார்கள். பஸ்ஸில் கூட்டிட்டுப் போயிடு பூங்காவனம், மப்டியில போனா யாருக்குத் தெரியப்போவுது என்று ஸ்டேஷன் ரைட்டர் பொன்னுரங்கம் ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். யாருக்குத் தெரியப்போகிறது. அந்தப் பேச்சுதான் காலையிலிருந்து காதுக்குள் கொசு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது.

நூர்ஜகான் தூங்கிவிட்டாள். பஸ் புறப்பட்டு இரண்டு ஸ்டாப் தாண்டுவதற்குள் கண் சொருகி, தலை முதலில் ஜன்னல் கம்பியில் இடித்து, பிறகு இந்தப் பக்கம் சாய்ந்து பூங்காவனத்தின் தோளில் விழுந்தது. மூன்று நாளாகத் தூங்கவில்லை மேடம் என்று காலையில் அவள் வீட்டு மாடிப்படி இறங்கும்போது சொல்லியிருந்தாள். இருபத்தெட்டு வயசு, ஒல்லி, ஆனால் தூங்குகிறவளின் தலைக்கு என்ன கனம். கறுப்புத் துப்பட்டாவிலிருந்து சோப்பு வாசனை வந்தது. தூங்குகிறாளே, இவ்வளவு நம்பித் தூங்குகிறாளே, பக்கத்தில் போலீஸ் இருக்கிறது என்ற தைரியத்தில்தானே தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டாள் பூங்காவனம். தோளை அசைக்காமல் கழுத்தை மட்டும் திருப்பி ஹெல்மெட்காரனைப் பார்த்தாள். அவன் செல்லில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். யாருக்குத் தட்டுகிறான். இப்போது அவன் வந்தால் என்ன செய்வாள். இந்தத் தலையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு எழுவதற்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடும். ட்ரெயினிங்கில் சொல்லிக்கொடுத்தார்கள், வெட்ட வருகிறவனின் கையைப் பார்க்காதே, தோளைப் பார், தோள் அசைந்த பிறகுதான் கை அசையும் என்று. மைதானத்தில், எதிரே நின்றவள் மரக்கட்டையை வைத்துக்கொண்டு சிரித்தபோது அது சரியாகத்தான் வந்தது. அதற்குப் பிறகு ஒரு நாளும் யாருடைய தோளையும் பார்க்க வேண்டி வரவில்லை. பாரா நின்றாள், ரிசப்ஷனில் உட்கார்ந்தாள், திருவிழாவில் கயிறு பிடித்தாள், காணாமல் போன பெண்களின் தாய்மாருக்குத் தண்ணீர் கொடுத்தாள். பயம் என்பது அப்போதெல்லாம் மேலதிகாரி மேல் இருந்த பயம்தான். உயிர்ப்பயம் இது வேறு. இது வாயில் தகரம் நக்கினாற்போல ஒரு ருசியோடு வருகிறது, எச்சில் விழுங்கினால் போவதில்லை.

ஏழு மாதம் ஆகிறது. அன்றைக்கும் இதே மாதிரி வெயில்தான், காலை பத்தே முக்கால் இருக்கும், ரிசப்ஷன் மேஜையில் பூங்காவனம். ஹவுசிங் போர்டு பிளாக்குகளுக்குத் தண்ணீர் மோட்டார் போடுகிற அற்புதராஜ் வந்து நின்றார். ஐம்பது வயசிருக்கும், அரைக்கை சட்டையில் கிரீஸ் கறை, கையில் ஒரு துணிப்பை. மோட்டார் ரூமுக்குப் பின்னால் கஞ்சா விற்கிறார்கள், ஸ்கூல் பிள்ளைகள் வந்து வாங்குகிறார்கள், கேட்டால் கத்தியைக் காட்டுகிறார்கள் என்று மூன்று பக்கத்துக்கு மனு எழுதிக்கொண்டு வந்திருந்தார். அழகான கையெழுத்து. பெயரெல்லாம் எழுதியிருந்தார், முதல் பெயரே டைல்ஸ் தயாளன். ஒரு காலத்தில் தரைக்கு டைல்ஸ் பதித்துக்கொண்டிருந்தவன், இப்போது அந்த ஏரியாவே அவன் சொன்னபடிதான். பூங்காவனம் மனுவை வாங்கிப் புரட்டிப் பார்த்தாள், ஒரிஜினல் மட்டும்தான் இருந்தது. ரெண்டு ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துருங்க சார், ஒண்ணு இன்ஸ்பெக்டருக்கு, ஒண்ணுல சீல் போட்டு உங்களுக்குத் தர்றேன் என்றாள். தினம் இருபது பேரிடம் சொல்கிற பேச்சு அது. அவர், இதோ அஞ்சு நிமிஷம் மேடம் என்று துணிப்பையை பெஞ்சில் வைத்துவிட்டு மனுவோடு இறங்கிப் போனார். எதிர்த்தெருவில் திரும்பினால் ஜெராக்ஸ் கடை. கடையில் நூர்ஜகான். மெஷின் சூடாகவில்லை என்று கொஞ்ச நேரம் நிற்க வைத்திருக்கிறாள். மூன்றாவது பக்கம் வெளியே வரும்போது தயாளனின் பைக் வந்து நின்றது. கடைப் படியில் விழுந்தார். எட்டு வெட்டு. மனுவும் ஜெராக்ஸும் அதற்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. ஸ்டேஷன் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது, கூப்பிட்டிருக்கவும் செய்தார் போலிருக்கிறது, மேலே ஓடிய பெரிய ஃபேன் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. துணிப்பை சாயந்திரம் வரைக்கும் பெஞ்சிலேயே இருந்தது. அதற்குள் ஒரு ஸ்பானரும் சாப்பாட்டு டப்பாவும். யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, ஜெராக்ஸ் கேட்பது ஒரு குற்றமா. மெஷின் ஸ்டேஷனிலேயே ஒன்று இருந்தது, டோனர் தீர்ந்து நான்கு மாதம். அது தீராமல் இருந்திருந்தால். அவர் காலையிலேயே எடுத்துக்கொண்டு வந்திருந்தால். அவள் சரி கொடுங்க, அப்புறம் பார்த்துக்கலாம் என்று வாங்கி வைத்திருந்தால். இந்த மூன்று இருந்தால்களையும் அவள் ஏழு மாதமாக மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், எப்படி அடுக்கினாலும் அற்புதராஜ் அந்தப் படியில்தான் போய் விழுகிறார்.

அதைவிட மோசமான ஒன்று இருந்தது, அதன் பக்கம் போகாமல்தான் மனசு இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்தது. அவர் ஜெராக்ஸ் எடுக்கப் போனது தயாளனுக்கு எப்படித் தெரிந்தது? மனு கொண்டுவந்திருக்கிறார் என்பது ஸ்டேஷனுக்குள் இருந்த நான்கு பேருக்குத்தான் தெரியும். பூங்காவனம், லாக்கப் பாரா, போனில் பேசிக்கொண்டிருந்த எஸ்.ஐ., ரைட்டர் பொன்னுரங்கம். அற்புதராஜ் மனுவை நீட்டியபோது பொன்னுரங்கம் தன் மேஜையிலிருந்து எட்டிப் பார்த்தார், தயாளன் என்ற பெயரை அவள் வாய்விட்டுப் படித்தபோது எழுந்தார், செல்லை எடுத்துக்கொண்டு பின்பக்கம் வேப்பமரத்தடிக்குப் போனார். பெண்சாதிக்குப் பேசியிருக்கலாம். அவர் பெண்சாதிக்குச் சர்க்கரை, கால் புண், தினம் அந்த நேரத்துக்குப் பேசுவார்தான். பேசுவார்தான் என்று எத்தனை தடவை சொல்லிக்கொண்டாலும் அவர் எழுந்த நேரம் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஆதாரம் கிடையாது. ஆதாரம் இல்லாததை மனசுக்குள் வைத்துக்கொண்டு அதே ஆளுக்கு தினம் குட்மார்னிங் சொல்வது என்ன பாடு என்று யாரிடம் சொல்வது. இன்று காலை அதே பொன்னுரங்கம் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். கேஸ் கட்டில் மனு என்று ஒன்று கிடையாது, புரியுதா, அற்புதராஜ் ஏதோ ஜெராக்ஸ் எடுக்க வந்தார், முன்விரோதத்தில் வெட்டிட்டாங்க, அவ்வளவுதான் என்றார். மனு கொடுக்க வந்த ஆளைக் காப்பாத்தலன்னு பேப்பர்ல வந்தா நம்ம எல்லாருக்கும் சிக்கல், முக்கியமா உனக்கு, ரிசப்ஷன்ல இருந்தது நீதானே என்றார். அந்தப் பொண்ணுகிட்ட பக்குவமா சொல்லிக் கூட்டிட்டுப் போ, வெட்டினதைச் சொல்லட்டும், மனுவைப் பத்தி வாயே திறக்க வேணாம். சரிங்க ஐயா என்று சொல்லிவிட்டாள். பத்தொன்பது வருஷமாகச் சொல்லிப் பழகிய சொல், வாய் தானாகவே சொல்லிவிடுகிறது. இப்போது சொல்ல வேண்டும். இவள் விழித்ததும் சொல்ல வேண்டும். இங்க பாரும்மா என்று ஆரம்பிக்கலாம். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன் என்று ஆரம்பிக்கலாம். ஸ்டேஷனில் எத்தனை பெண்களுக்கு இந்த மாதிரி உன் நல்லதுக்குத்தான் சொல்லி அனுப்பிவைத்திருக்கிறாள். அந்தப் பெண்களெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டு போனார்கள், போன இடத்தில் என்ன ஆனார்கள் என்று அவள் விசாரித்ததே இல்லை.

மேம்பாலத்துக்குக் கீழே பஸ் நின்றுவிட்டது. பந்தோபஸ்துக்காக ரோட்டை மறித்திருப்பார்கள். என்ஜினை நிறுத்தினார் டிரைவர், சட்டென்று வந்த அமைதியில் ஹெல்மெட்காரனின் ஷூ சத்தம் தனியாகக் கேட்டது. அவன் உள்ளே வந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு சீட்டின் கம்பியாகப் பிடித்துக்கொண்டு, குனிந்து, வலது பக்க ஜன்னல்களின் வழியாக வெளியே எதையோ பார்த்துக்கொண்டு. வலது பக்கம்தான் இவர்கள் உட்கார்ந்திருந்தது. பூங்காவனத்துக்குத் தண்ணீர் பாட்டில் ஞாபகம் வந்தது, அதையாவது எடுத்து முகத்தில் அடிக்கலாம், மூடியைத் திறக்க வேண்டும், மூடியைத் திறக்க விரல் வரவில்லை. தோளைப் பார், தோளைப் பார். அவன் தோளில் ஒரு நூல் பிரிந்து தொங்கியது. அவர்கள் சீட்டுக்கு நேராக வந்து நின்றான், குனிந்தான். அக்கா, பாலத்துக்கு மேல விடறாங்களான்னு தெரியுதா என்று கேட்டான். தெரியலப்பா என்று அவள் சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. இப்படியே நின்னா நம்ம வண்டியை உள்ள வச்சு மெக்கானிக் கடையைப் பூட்டிட்டுப் போயிடுவான் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அவன் பின்வாசல் வழியாகக் குதித்து இறங்கி நடந்தான். கண்ணுக்கு மறைகிற வரை அவன் முதுகையே பார்த்தாள். நிம்மதி வருமென்று பார்த்தால் வரவில்லை. இவன் இல்லை என்றால் வேறு யாரோ ஒருத்தன், அவன் இன்னும் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். தொடை இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தன. அந்த நடுக்கத்தில் நூர்ஜகானின் தலையும் லேசாக அதிர்ந்தது, அப்படியும் அவள் விழிக்கவில்லை.

செல் அடித்தது. ரைட்டர். எங்க இருக்க என்றார். வந்துட்டிருக்கேன் ஐயா. எந்த பஸ்ஸு, எங்க வந்திருக்க. சாதாரணமாகத்தான் கேட்டார், கோர்ட் டூட்டிக்குப் போகிறவர்களை அவர் வழக்கமாகக் கேட்பதுதான், நேரத்துக்கு நிறுத்தவில்லை என்றால் ஜட்ஜிடம் பேச்சு வாங்குவது ஸ்டேஷன்தானே. பூங்காவனம் வேறொரு பஸ் நம்பரைச் சொன்னாள். பீச் ரோட்டு வழியா வர்றோம் ஐயா என்றாள். அவர் சரி என்று வைத்துவிட்டார். வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. யோசித்துச் சொல்லவில்லை, பயந்துகூடச் சொல்லவில்லை, நெருப்பில் பட்ட கை இழுத்துக்கொள்கிற மாதிரி நாக்கு பொய்க்குப் போய்விட்டது. அப்படியானால் ஏழு மாதமாக ஆதாரம் இல்லை, ஆதாரம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது யாரை ஏமாற்ற. தன் ஸ்டேஷனுக்கே தான் இருக்கிற இடம் தெரியக் கூடாது என்று ஒரு போலீஸ்காரி நினைத்தால் அப்புறம் அவள் ஓடிப்போய் நிற்க இந்த ஊரில் எந்த வாசல் இருக்கிறது. இந்த நினைப்பு ஹெல்மெட்காரனைவிடப் பெரிதாக இருந்தது. அவனையாவது பார்த்துக்கொண்டிருக்க முடிந்தது. என்ஜின் மறுபடி உறுமியது, பஸ் குலுங்கிக் கிளம்பியது, நூர்ஜகான் கண்ணைத் திறந்து, வந்துட்டமா மேடம் என்றாள். இன்னும் இல்லைம்மா, தூங்கு. இங்க பாரும்மா என்று சொல்ல வேண்டிய இடம் அது, அதைத் தாண்டி பஸ் போய்க்கொண்டிருந்தது.

கோர்ட் வராந்தாவில் நிற்க இடமில்லை. கறுப்பு கோட்டுகள், கைவிலங்குச் சத்தம், பிஸ்கட் பாக்கெட்டோடு உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள், கழிப்பறைப் பக்கமிருந்து வரும் பினாயில் வாடை. பூங்காவனம் நூர்ஜகானைச் சுவரோரம் நிறுத்தி அவளுக்கு முன்னால் தான் நின்றுகொண்டாள், அப்படி நின்றால் முதுகு நூர்ஜகானுக்கும் முகம் கூட்டத்துக்கும் இருக்கும். தயாளனை ஜெயிலிலிருந்து கொண்டுவந்து உள்ளே நிறுத்தியாகிவிட்டது. வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கல்யாணத்துக்கு வந்தவன் மாதிரி. அவனுடைய ஆட்கள் நான்கைந்து பேர் படிக்கட்டில் பரவி நின்றார்கள். ஒருத்தனும் முறைக்கவில்லை. முறைத்திருந்தால் தேவலை. அதில் ஒருத்தன், முப்பது வயசிருக்கும், கழுத்துவரை பட்டன் போட்டவன், தண்ணீர் பிடிக்க வருகிறவன் மாதிரி பக்கத்துக் குழாயடியில் வந்து நின்று, வெயிலைப் பற்றிச் சொல்கிற குரலில் சொன்னான். "அக்கா, உங்க பாப்பா ப்ளஸ் டூ தானே? ஸ்டடி லீவுன்னா வீட்ல தனியாவா இருக்கும்?" பதிலுக்குக் காத்திருக்காமல் பாட்டிலை நிரப்பிக்கொண்டு போய்விட்டான். பூங்காவனம் அவன் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு போலீஸ்காரியை மிரட்டுகிறான், கோர்ட்டுக்குள்ளேயே மிரட்டுகிறான், சட்டையைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும், யார்ரா நீ என்று கேட்டிருக்க வேண்டும். என்னவென்று கேஸ் எழுதுவது, பாப்பா என்ன படிக்கிறது என்று கேட்டான் என்றா. காது அடைத்துக்கொண்டது. கூட்டத்தின் சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல இருந்தது.

சிந்துவுக்கு போன் போட்டாள். ஐந்தாவது ரிங்கில் எடுத்த மகள் தூக்கக் குரலில் என்னம்மா என்றாள். கதவு தாழ் போட்டிருக்கியா. போட்டிருக்கேன். மேல் தாழையும் போடு. அம்மா, கெமிஸ்ட்ரி படிச்சிட்டிருக்கேன், அப்புறம் பேசு. புருஷன் ஓசூரில் லாரி ஆபீஸில் இருக்கிறார், மாதம் இரண்டு நாள்தான் வருவார், போலீஸ் குவார்ட்டர்ஸில் அம்மாவும் மகளும்தான். குவார்ட்டர்ஸுக்குள் எவன் வருவான், சுற்றிலும் போலீஸ் குடும்பங்கள் என்று ஒரு மனசு சொன்னது, பாப்பா என்ன படிக்கிறது என்பதையே அந்தக் குடும்பங்களில் ஒன்றுதானே சொல்லியிருக்க வேண்டும் என்று இன்னொரு மனசு சொன்னது. ரைட்டர் கேட்டதும் அநியாயமில்லையே என்று தோன்றியது. கொலையைச் சொல்லாதே என்றா சொன்னார். வெட்டினவனைக் காட்டிக்கொடுக்கட்டும், வெட்டினவன் உள்ளே போகட்டும், மனு இருந்தால் என்ன இல்லாவிட்டால் என்ன, செத்தவர் மனுவால் எழுந்து வரப்போகிறாரா. மனுவைப் பற்றிப் பேச்சு வந்தால் ஸ்டேஷனுக்குள் யாரிடமிருந்து சேதி போனது என்று கேள்வி வரும், கேள்வி வந்தால் ரிசப்ஷனில் இருந்தவளிடமிருந்துதான் ஆரம்பிப்பார்கள். சஸ்பெண்ட் செய்வார்கள், குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்வார்கள், மகள் பரீட்சை எழுதுகிற நேரத்தில் சாமான் செட்டோடு தெருவில் நிற்க வேண்டும். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாமே சரி. ஆனால் அந்த மூன்று பக்கத்தை அவர் எப்படி எழுதியிருப்பார் என்ற நினைப்பு குறுக்கே வந்து விழுந்தது. மோட்டார் ரூமில் உட்கார்ந்து, கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு எழுத்துகூட அடிக்காமல் எழுதியிருந்தார். அவருக்கும் பயம் இருந்திருக்கும். பயத்தோடுதான் எழுதி எடுத்துக்கொண்டு வந்து, போலீஸ் என்று நம்பி, அவள் கையில் கொடுத்தார். அப்படி ஒரு மனுவே இல்லை என்று சொன்னால் அவர் அன்று காலை சும்மா ஊர் சுற்றப் போய்ச் செத்தவர் ஆகிவிடுவார்.

மேடம் என்று நூர்ஜகான் முதுகைத் தொட்டாள். தொட்ட விரல் ஐஸ் மாதிரி இருந்தது. இவளும் நடுங்கிக்கொண்டிருக்கிறாள் என்பதே அப்போதுதான் பூங்காவனத்துக்குத் தெரிந்தது. தூங்கினது நிம்மதியில் தூங்கியதில்லை, பயந்து பயந்து உடம்பு ஓய்ந்துபோன தூக்கம். உள்ள போனா எதைச் சொல்லணும், எதைச் சொல்லக் கூடாதுன்னு எதுனா இருக்கா மேடம் என்று கேட்டாள். போலீஸ்காரங்க எழுதிக்கிட்டப்ப நான் சொன்ன ஒண்ணை எழுதல, அதான் கேக்கறேன் என்றாள். என்னது என்று பூங்காவனம் கேட்டாள், என்னதென்று தெரிந்துகொண்டே கேட்டாள். மெஷின் சூடாவறதுக்கு நின்னாருல்ல, அப்ப பேசிட்டிருந்தாரு. ஸ்டேஷன்ல மனு குடுத்தேன், ஒரு மேடம் மரியாதையா பேசினாங்க, ரெண்டு ஜெராக்ஸ் கேட்டிருக்காங்க, இனிமே அந்தப் பசங்க கொட்டம் அடங்கிடும்னு சொன்னாரு. சந்தோசமா சொன்னாரு மேடம். அதைச் சொல்லணுமா, வேணாமா? பக்கத்தில் யாரோ ஒரு வக்கீல் தும்மினார். உள்ளே பழைய ஃபேன் கட கடவென்று சுற்றியது. மரியாதையாகப் பேசினார்களாம். இங்க பாரும்மா, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன் என்ற பேச்சு நுனி நாக்குக்கு வந்து நின்றது.

"அந்த மேடம் நான்தான்" என்றாள்.

நூர்ஜகான் அவள் முகத்தைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள், கோர்ட் டவாலி கதவருகே வந்து யார் பெயரையோ கூப்பிட்டுவிட்டுப் போகிறவரை பார்த்தாள். "அப்ப?" என்று கேட்டாள். ஒரே ஒரு சொல்தான். "அவர் சொன்னதையும் சொல்லு. ஒண்ணும் விடாம சொல்லு" என்றாள் பூங்காவனம். "என் பேரு கேட்டா, பேரையும் சொல்லு." சொல்லி முடித்ததும் ஏதோ லேசாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, ஐயையோ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது, திரும்பக் கூப்பிட்டு வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தாள், அதற்குள் டவாலி நூர்ஜகான், நூர்ஜகான், நூர்ஜகான் என்று மூன்று தடவை கூவினான். அவள் துப்பட்டாவை இழுத்துச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். கதவு ஆடி ஆடி நின்றது.

ஐம்பது நிமிஷம். வராந்தாவில் நின்று பூங்காவனம் அந்த ஐம்பது நிமிஷத்தையும் நின்றே தீர்த்தாள். உள்ளேயிருந்து வார்த்தைகள் முழுசாக வரவில்லை, துண்டு துண்டாக வந்தன. அரசு வக்கீலின் மெதுவான குரல், டைப் அடிக்கிற சத்தம், நூர்ஜகானின் குரல் முதலில் கம்மலாக, கொஞ்சம் சத்தமா சொல்லும்மா என்று யாரோ சொன்ன பிறகு தெளிவாக. இவன்தாங்க என்றது கேட்டது. கை நீட்டிக் காட்டியிருப்பாள். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்திருக்க வேண்டும், நீ பார்க்கவே இல்லை, கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய் என்று அவர் குரல் அறைந்தது. ஒளிஞ்சிக்கிட்டேங்க, ஒளிஞ்சிக்கிட்டுத்தாங்க பார்த்தேன் என்றாள் நூர்ஜகான். எங்கோ ஒருவர் சிரித்தார், சிரிப்பு பாதியில் நின்றது. அதற்கப்புறம் நீளமாக ஒன்று சொன்னாள், ஃபேன் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை, மனு என்ற சொல் மட்டும் தனியாகத் தெறித்து வெளியே வந்து விழுந்தது. உள்ளே சலசலப்பு. ஜட்ஜ் ஏதோ கேட்டார். படிக்கட்டில் நின்ற கழுத்துப் பட்டன்காரன் செல்லைக் காதில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனான். பூங்காவனம், முதல்நிலைக் காவலர் என்று தன் பெயரை யாரோ உள்ளே மெதுவாக, எழுத்துக்கூட்டுகிற மாதிரிச் சொல்வது கேட்டது. டைப் அடிக்கிற சத்தம் அதைத் தொடர்ந்து வந்தது. பூங்காவனம் என்று அடிக்க எத்தனை எழுத்து. அடித்தாகிவிட்டது. இனி அது அங்கேதான் இருக்கும்.

வெளியே வந்த நூர்ஜகானுக்கு நெற்றியெல்லாம் வியர்வை. சொல்லிட்டேன் மேடம் என்றாள். சொன்ன மாத்திரத்தில் உதடு கோணிக்கொண்டது, அழவில்லை, இப்பதான் மேடம் ரொம்ப பயமா இருக்கு, வீட்டுக்கு எப்படிப் போறது என்றாள். பூங்காவனம் ஸ்டேஷனுக்கு போன் செய்தாள். பொன்னுரங்கம் முதல் ரிங்கிலேயே எடுத்தார். சேதி அதற்குள் போயிருந்தது, யார் மூலமாகப் போனது என்று அவள் கேட்கவில்லை. ஜீப் அனுப்புங்க ஐயா, வெளியில ஆளுங்க நிக்கறாங்க என்றாள். வண்டி இல்ல, கூட்டிட்டுப் போனவ நீதானே, கூட்டிட்டு வா, வந்து சேரு, அப்புறம் பேசிக்கலாம் என்றார். எந்த பஸ்ஸு என்று இந்தத் தடவை கேட்கவில்லை. கேட்காதது இன்னும் பயமாக இருந்தது.

மணி ஒன்று. கேட்டுக்கு வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. எதிரே டீக்கடை நிழலில் மூன்று பைக், அதன் மேல் சாய்ந்தபடி நான்கு பேர், கழுத்துப் பட்டன்காரன் நடுவில். நூர்ஜகானின் பிளாக்குக்குப் போகிற பஸ் ஸ்டாப் அவர்களைத் தாண்டித்தான். அந்த பிளாக்கில் நான்கு மாடி, விளக்கில்லாத மாடிப்படி, நாலாவது மாடியில் காது கேட்காத ஒரு மாமியார். அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு, சாட்சியைப் பத்திரமாக இல்லத்தில் சேர்த்தாகிவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் டூட்டி முடிந்தது. ரூல்படி அது போதும். ரூல்படி பார்த்தால் ரெண்டு ஜெராக்ஸும் ரூல்படிதான். ஆட்டோ ஒன்றைக் கைதட்டி நிறுத்தினாள், நூர்ஜகானை உள்ளே ஏற்றினாள், தானும் ஏறி உட்கார்ந்தாள். எங்கம்மா போவணும் என்று டிரைவர் திரும்பிக் கேட்டார். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது, கேட்கலம்மா, எங்க என்று மறுபடி கேட்டார். "போலீஸ் குவார்ட்டர்ஸ், சி பிளாக், ரெண்டாவது மாடி" என்று பூங்காவனம் கத்தினாள், நூர்ஜகான் திரும்பிப் பார்த்தாள், எங்க வீடும்மா, எம்பொண்ணு இருக்கா, ரெண்டு நாள் எங்ககூட இரு, பக்கத்து வீட்டுக்கு போன் போட்டு உங்க மாமியார்கிட்ட சொல்லச் சொல்லலாம் என்றாள். நூர்ஜகானின் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஆட்டோ நகர்ந்த பிறகுதான், பிளாக்கையும் மாடியையும் சேர்த்து நடுரோட்டில் இப்படி உரக்கச் சொல்லிவிட்டோமே, டீக்கடைவரை கேட்டிருக்குமே என்று தோன்றியது. பின்னால் பைக் ஒன்றை யாரோ உதைத்துக் கிளப்பும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மகளுக்கு போன் போட்டு, ஒரு அக்கா வர்றாங்க, அரிசி ஒரு டம்ளர் கூடப் போடு என்றாள்.